டம்ளரில் வெள்ளம்

எங்கள் மகள் கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். பேச்சுக்குக் குறைச்சலில்லை, தமிழெழுத்துதான் பிடிபடவில்லை. சென்னையிலிருந்து வாங்கிவந்த தமிழெழுத்து சிடியில் ஒட்டகமும் ஓநாயும் குதித்தன. கரமனையில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? கொட்டாவி விட்டாள்.

என் கணவர் ஆபீஸ் கேமராவை இரவல் வாங்கிவந்து எங்கள் ஊரையே படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஆரியசாலைக் கடைப் பலாப்பழம், ஆற்றங்கரைப் படி, சிவப்பு பஸ், என் தோசைக்கல். ஒவ்வொன்றின் கீழும் பெரிய எழுத்தில் பெயர். படத்தை அமுக்கினால் கம்ப்யூட்டர் அவர் குரலில் அதைச் சொல்லும். சட்டம் ஒன்றுதான்: "நீயா வாசி. தெரியலேன்னா மட்டும் அமுக்கு."

தண்ணீர் டம்ளரின் கீழே 'வெள்ளம்' என்று போட்டிருந்தார். மலையாளத்தில் குடிக்கிற தண்ணீர். தமிழில் ஊரை அடித்துக்கொண்டு போவது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"ஏன்னா, டம்ளர்ல எப்படி வெள்ளம் வரும்? ஊர் சிரிக்கும். மாத்துங்கோ."

"குழந்தை தினம் கேக்கற வார்த்தையாக்கும் அது. மொதல்ல வாசிக்கட்டும், அப்புறம் மாத்தறேன்."

மாற்றவில்லை. அந்த மழைக்காலத்தில் தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வீட்டுக்கு உடல்தான் வந்தது. கடவுள்மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

அதன்பிறகு மகள் பள்ளிவிட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு படத்துக்கும் "தெரியலை" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அமுக்குவாள். மாதங்கள் போயும் 'பஸ்'கூடத் தெரியவில்லை. நான் ஒன்றும் பொறுமைசாலி இல்லை. மண்டையில் என்ன களிமண்ணா என்று கத்துவேன்.

ஒருநாள் அரிசி வாங்க ஆரியசாலைக்குப் போனோம். தமிழ்க்காரர் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்து, "அரிசி, பருப்பு மொத்த வியாபாரம்" என்று தடங்கலில்லாமல் வாசித்தாள். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"நன்னா வாசிக்கறயே! ஆத்துல மட்டும் ஏன்டி தெரியலேங்கறே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "தெரிஞ்சுடுத்துன்னா அமுக்கப்படாதே, அம்மா."

வீடு வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, அவளை மடியில் இருத்திக்கொண்டு, டம்ளர் படத்தைக் காட்டினேன்.

"இது என்னன்னு எனக்குத் தெரியலையேடி."

சந்தேகமாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நோக்குத் தெரியலேன்னா அமுக்கலாம்" என்றாள்.

அமுக்கினேன். "வெள்ளம்" என்றார் அவர்.