கடைசி இடத்துக்குப் போட்டி போட்டவர்

என் வீட்டுக்காரர் ஜோசப்ராஜ் வாழ்நாளில் ஒழுங்காக ஒரு பந்தை உதைத்தவர் இல்லை. ஒரு தடவை வாசலுக்கு உருண்டு வந்த பந்தை உதைக்கப் போய், கால் செருப்பு சன்ஷேடில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் அந்தக் காலத்தில் ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் வந்து ஃபுட்பால் என்று சொன்னால், எங்கள் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அதற்குக் காரணம் அவர் கண்டுபிடித்த காகித டீம்.

எண்பத்தாறில் தூர்தர்ஷனில் உலகக் கோப்பை பார்த்துவிட்டு எங்கள் ஆட்களுக்குப் பித்து பிடித்தது. தொழிற்சாலையில் வருஷா வருஷம் செக்‌ஷன்களுக்குள் கோப்பை ஆட்டம் நடக்கும். பெயின்ட் ஷாப், வெல்டிங், கேன்டீன் என்று ஆளுக்கொரு டீம். ஆடத் தெரியாதவர்களுக்கு அதில் என்ன வேலை என்று இவர் யோசித்தார். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே யோசித்திருப்பார். ஆடத் தெரியாத ஆறு பேர் சேர்ந்தார்கள். கோப்பை ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் எங்கள் ஹாலில் கூடுவார்கள். சீட்டுப் போட்டு, வரிசையாக ஆளுக்கு ஒருவராக எல்லா செக்‌ஷனிலிருந்தும் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, காகிதத்தில் ஆளுக்கு ஐந்து பேர் டீம் எழுதிக்கொள்வார்கள். மைதானத்தில் அந்த ஐந்து பேர் என்ன செய்கிறார்களோ அதற்கெல்லாம் பாயிண்ட். கோலுக்கு மூன்று. ஃபவுல் செய்தால் ஒன்று குறையும். ரெஃபரியிடம் வாயாடினால் இரண்டு குறையும்.

கணக்கு எழுதுகிறவள் நான். அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. என் வீட்டுக்காரருக்கு நான் சாதகம் செய்வேன் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் சண்டையைக் கேட்டவர்கள் அவர்கள்.

ஜெயித்தவருக்கு எங்கள் பிரம்பு நாற்காலியில் அடுத்த வருஷம் முழுக்க உட்காரும் உரிமை. கடைசியாக வந்தவருக்கு ஆறுதலாக ஒன்று உண்டு: அடுத்த வருஷத்துக்குப் புதிதாக ஒரு ரூல் அவர் எழுதலாம், யாரும் மறுக்கக் கூடாது. விளங்குமா இது? அந்த ஆறு பேரில் ஒருவரான பரந்தாமன், தான் எடுத்த ஆட்கள் எல்லாரும் கோல் கம்பத்திலேயே அடித்துத் தொலைத்தார்கள் என்று, கம்பத்தில் பட்டால் ஒரு பாயிண்ட் என்று எழுதினார். இன்னொருவர், வெறுங்காலில் கோல் போட்டால் இரட்டிப்பு என்று எழுதினார். பெயின்ட் ஷாப் கஜபதி அந்த வருஷம் இடைவேளையில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். காகித டீம் ஆடுகிறவர்களையும் பிடித்துக்கொண்டது என்று அன்றைக்கே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இவர் பெரும்பாலும் ஜெயித்தார். பிரம்பு நாற்காலி இவர் பாரத்தில் பள்ளம் விழுந்து கிடந்தது. சொந்தக்காரன், சொந்த செக்‌ஷன்காரன், சுவர் ஒட்டின வீட்டுக்காரன், இந்த மூன்று பேரையும் எடுக்கக் கூடாது என்று முதல் வருஷமே ரூல் போட்டவரும் இவர்தான். பாசத்துக்கு ஆள் எடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்றார். அந்த ரூல்தான் பிறகு இவரைப் படுத்தியது.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் எதிராஜ் அண்ணன். பருத்திப்பட்டு விவசாயக் குடும்பம், வெல்டிங்கில் வேலை. வெல்டிங் டீமுக்கு ஸ்டாப்பர். தன் கோலுக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் திருப்பி அனுப்புகிற ஆள். இவரும் அவரும் மச்சான் மச்சான் என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள், அந்த முறையில் நான் அவருக்குத் தங்கச்சி. டீம் பொறுக்கும் ஞாயிறு மட்டும் அவர் வீட்டில் தவறாமல் சர்க்கரை தீர்ந்துபோகும். கிண்ணத்தோடு பின்பக்கமாக எங்கள் சமையலறைக்கு வருவார். நான் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்த பிறகும் போக மாட்டார். டீ கொடுப்பேன். டம்ளரில் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டே ஹாலில் சொல்கிற பெயர்களைக் கேட்பார். ஆறு பேரும் ஐந்து சுற்று முடித்து எழுந்திருக்கும்வரை அவர் பெயர் வராது. கோல் போடாதவனை எடுத்து என்ன லாபம்? கடைசிப் பெயரும் போன பிறகு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வரேன் தங்கச்சி என்று போவார்.

அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு வருஷம்தான், பிறகு வெல்டிங்கில் சின்னப் பையன்களை இறக்கிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் ஒரு தடவையாவது அவர் பெயர் ஹாலில் கேட்க வேண்டும். எனக்கு மட்டும்தான் அந்த எண்ணம் என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூற்று ஒன்றில் இவர் எடுத்த டீமைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஓடவே தெரியாத கேன்டீன் நாகப்பனை முதல் ஆளாக எடுத்தார். அந்த நாகப்பன் என்ன செய்தான்? பூட்ஸ் தொலைந்துபோய் வெறுங்காலில் வந்தான், முதுகில் பட்ட பந்தெல்லாம் கோலுக்குள் போனது, எல்லாம் இரட்டிப்பு. இவர் இரண்டாவதாக வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் இன்னும் மோசம். ரெஃபரியைக் கண்டாலே வாய் அரிக்கிற ஐந்து பேரைத் தேடிப் பிடித்து எடுத்தார். ஐந்து பேரும் வஞ்சனையில்லாமல் திட்டினார்கள். இவர் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்க் கடைசி இடம் பிடித்தார். பிரம்பு நாற்காலியைப் பரந்தாமன் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது இந்த மனுஷர் சிரிக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன், புத்தி கித்தி கெட்டுப்போச்சா என்று.

"நம்ம மச்சான் பேரு ஒரு தடவையாவது வரணும் ஞானம்," என்றார். "நான் எடுக்க முடியாது, சுவர் ஒட்டின வீடு. அவனுங்ககிட்ட கெஞ்சி எடுக்க வெச்சா அது பிச்சை. அவனை எடுத்தா லாபம்னு அவனுங்களுக்கே தோணணும். அதுக்கு ரூல் எழுதணும். ரூல் எழுதணும்னா தோக்கணும்."

இரண்டு வருஷமாக ஒரு மனுஷர் தோற்கப் பாடுபட்டிருக்கிறார். எனக்குக் கோபம் போய் அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இரண்டு முட்டை பொரித்துப் போட்டேன்.

எதிராஜ் அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிர் டீம்காரன் எவன் விழுந்தாலும், பந்து எங்கே போனாலும், முதலில் போய்க் கை கொடுத்து எழுப்பி, முதுகில் மண்ணைத் தட்டிவிட்டுத்தான் திரும்புவார். இவர் எழுதிய ரூல் அதுதான்: விழுந்த எதிராளிக்குக் கை கொடுத்து எழுப்பினால் இரண்டு பாயிண்ட். இதென்ன ஃபுட்பாலா, சமூக சேவையா என்று முணுமுணுத்தார்கள். ஆனால் கடைசி ஆள் எழுதியதை மறுக்க முடியாதே.

தொண்ணூற்று மூன்றில் முதல் சீட்டு பரந்தாமனுக்கு விழுந்தது. அவர் யோசிக்கவே இல்லை.

"வெல்டிங் எதிராஜ்," என்றார்.

சமையலறையில் ஸ்பூன் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு என் அலமாரியைப் பார்த்து நின்றார். அன்றைக்குக் கடைசிப் பெயர்வரை காத்திருக்கவில்லை. டீயையும் குடிக்கவில்லை, சர்க்கரைக் கிண்ணத்தையும் மறந்துவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ரூல் மைதானத்துக்குப் பரவிவிட்டது. எவனாவது விழுந்தால் எதிர் டீமே கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. எதிராஜ் அண்ணன் போய்ச் சேருவதற்குள் வேறொருவன் எழுப்பிவிடுவான். பிறகு ஒரு புத்திசாலி கணக்குப் போட்டுப் பார்த்தான்: தள்ளிவிட்டால் ஒன்று குறையும், எழுப்பிவிட்டால் இரண்டு கூடும், ஆக ஒரு பாயிண்ட் லாபம். அவ்வளவுதான். இவனை அவன் தள்ளுவதும், மன்னிச்சுக்கோ என்று தூக்குவதுமாக இருந்தது ஆட்டம். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தார். ஆட்டம் நடுவில் ரூலை மாற்றக் கூடாது என்பதும் இவர் போட்ட ரூல்தான்.

அரையிறுதியில் கஜபதி எதிராஜ் அண்ணனைத் தள்ளினான். கெட்ட எண்ணமில்லை, எல்லாரும் செய்ததைத்தான் அவனும் செய்தான். தள்ளிய கையை உடனே நீட்டினான். அண்ணன் அந்தக் கையைப் பிடித்தார், எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது.

கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் காலே வைக்காத என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது. நானும் பின்னாலேயே ஓடினேன். இவர் மண்ணில் உட்கார்ந்து அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்னாலதான் மச்சான், நான் எழுதினதாலதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழுதார்.

அண்ணனுக்கு வலியில் முகம் வேர்த்துக் கொட்டியது. "இன்னாத்துக்கு அழுவுற?" என்றார். "நீ எனக்கோசரம் தோத்தது தெரியும். நடுவுல ஒரு சுவருதான கீது. நீ தங்கச்சிகிட்ட சொன்னதெல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன். மொதப் பேரா என் பேரு வந்துச்சு மச்சான். அது போதும்."

அந்தக் காலோடு அண்ணனின் ஆட்டம் முடிந்தது. முதல் ஆள் பாதியில் போனதால் பரந்தாமன் அந்த வருஷம் கடைசியாக வந்தார். ரூல் எழுதும் முறை அவருடையது. அவர் நேராகப் போய், கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்த அண்ணனிடம் காகிதத்தை நீட்டி, நீயே எழுது என்றார். கை கொடுத்தால் இரண்டு பாயிண்ட் என்ற ரூலை முதலில் அண்ணன் அடித்தார். பிறகு கீழே ஒரே வரி எழுதினார்: சுவர் ஒட்டின வீட்டுக்காரனையும் எடுக்கலாம்.

அடுத்த வருஷம் டீம் பொறுக்கும் ஞாயிறு, அண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்தார். கிண்ணம் கொண்டுவரவில்லை. முந்தின வருஷம் நாற்காலியை ஜெயித்த வேறொருவர் அதைத் தூக்கிவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து அண்ணனை அதில் உட்கார வைத்தார். சீட்டில் இவர் பெயர் முதலில் வந்தது.

"எதிராஜ்," என்றார் இவர்.

ஆடாத ஆளை எப்படி எடுப்பது என்று ஒருவர் ஆரம்பித்தார். பரந்தாமன் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். ஆடாதவனை எடுக்கக் கூடாது என்று எந்த ரூலிலும் இல்லை என்று நான் சொன்னேன். பெயரை எழுதினேன்.

இவர் ஓய்வு பெற்று நாங்கள் முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வரும்வரை ஒவ்வொரு வருஷமும் இவருடைய முதல் ஆள் எதிராஜ் அண்ணன்தான். ஒவ்வொரு வருஷமும் இவர்தான் கடைசி. புது ரூல் எழுதுங்கள் என்று காகிதத்தை நீட்டுவேன். இருக்கிறதே போதும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.