கறம்பக்குடிக்கு விட்ட ரயில்

இரண்டாவது உலகச் சண்டைக்குச் சற்று முன்னால் நான் புதுக்கோட்டை ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். மாற்றலாகிப் போன ஓர் இஞ்சினீயர், தம் பிள்ளைகள் விளையாடிய ரயிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாவி கொடுத்தால் ஓடும் இரண்டு இஞ்சின், சில பெட்டிகள், ஒரு மரப்பெட்டி நிறையத் தகரத் தண்டவாளம். விரித்துப் போட வீட்டில் இடமில்லை. வீட்டுக்காரரின் காலிக் கோடவுனைக் கேட்டு வாங்கி, பெஞ்சுகளின் மேல் பலகை பரப்பிச் சுவரோரமாகப் பாதை போட்டேன்.

நிஜ ரயில் போகாத ஊர்களுக்கே விடுவதென்று முடிவு. மீமிசலில் புறப்பட்டு, கறம்பக்குடி, திருவரங்குளம் வழியாகப் புதுக்கோட்டை. பூகோளம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் கோடவுனின் மூலைகள் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பர்கள் கூடுவோம், ஸ்டேஷனுக்கு ஒருவராக. புதுக்கோட்டையும் மொத்த ஓட்டமும் என் பொறுப்பு. மீமிசலில் ஒரு பஸ் மெக்கானிக், திருவரங்குளத்தில் மருந்துக்கடைக்காரர். இருப்பதோ ஒற்றைப் பாதை. அதனால் அடுத்த ஸ்டேஷனிடம் பாதை காலிதானா என்று வாய்விட்டு லைன் கிளியர் கேட்டு, பதில் வந்த பிறகே வண்டியை விடவேண்டும் என்று விதி வைத்திருந்தேன்.

கறம்பக்குடிக்கு ஆளில்லாமல் இருந்தபோது டிராயிங் வாத்தியார் தாமாகவே வந்து நின்றார். எனக்குத் தர்மசங்கடம். அவருடைய தங்கையைத்தான் மருந்துக்கடைக்காரர் கட்டியிருந்தார். வாத்தியார் தம் வீட்டுக் காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்று மருந்துக்கடைக்காரருக்குக் கோபம். இருவருக்கும் பேச்சு நின்று சில வருஷமாகியிருந்தது.

"வரட்டுமேங்க. வண்டி ஓட ஆளு வேணுமில்ல" என்றார் மருந்துக்கடைக்காரர், என்னைப் பார்க்காமல்.

மீமிசல் கடலோர ஊர், அங்கிருந்து மீன் வண்டி கறம்பக்குடிக்கு வந்து நின்றது. இனி திருவரங்குளத்திடம் கேட்டாக வேண்டும். வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் அங்கிட்டு கேட்டுச் சொல்லுங்களேன்."

"ஸ்டேஷன்காரர்தாங்க கேக்கணும்" என்றேன். பிடிவாதமாகச் சொல்லவில்லை, விதி அதுதான்.

வண்டி நின்றது. எதிர்ப்பக்கம் மருந்துக்கடைக்காரர் தம் இஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், மீனு நாறிப்போகும்யா!" என்று மெக்கானிக் கத்தினார்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கறம்பக்குடி கேக்குது. திருவரங்குளம் லைன் கிளியர் தருதா?"

துடைக்கும் கை நின்றது. "திருவரங்குளம் தருது."

வண்டி போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பல வாரம் அவர்கள் ஊர்களாகவே பேசிக்கொண்டார்கள். கோடவுனுக்கு வெளியே வந்ததும் ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைத் திருப்புவார்கள்.

ஒரு நாள் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே வளைவில் பலகை இறங்கிவிட்டது. இஞ்சின் சரிந்து விழப்போக, இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள்.

"மாப்பிள்ளே, பலகையத் தாங்கிப் பிடிங்க!"

"புடிச்சிட்டேன் மச்சான், நீங்க இஞ்சினை எடுங்க."

நிமிர்ந்தபோது இருவர் முகமும் சிவந்திருந்தது. நான் அடுத்த வண்டிக்குச் சாவி கொடுத்தேன்.

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியைக் கூப்பிட்டார். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணனும் அவுகளும் பேசினாகளாமே, நெசமாங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நெசந்தாங்க" என்றேன்.

"என்ன பேசினாக?"

"பலகையத் தாங்கிப் பிடிக்கச் சொன்னாருங்க உங்கண்ணன். உங்க வீட்டுக்காரரு பிடிச்சாரு."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசர வேலை இருப்பதுபோலப் போய்விட்டார்.

அந்தத் தீபாவளிக்கு வாத்தியார் தங்கை வீட்டுக்கு நேரில் போய் அழைத்தார். மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சாம்பாரில் உப்பு கூடுதல் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.