குழாய் இல்லாத மிதிவண்டி

வெளிநாட்டில் பணிபுரியும் என் தம்பி, முப்பது ஆண்டுப் பழமையுடைய மலைப்பாதை மிதிவண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, முன்னொரு விடுமுறையில் கொணர்ந்து நாமக்கல்லில் உள்ள என் வீட்டில் வைத்துச் சென்றான். உறையிட்டு மூடிய அவ்வண்டியை ஈராண்டுகளாக நான் திறந்து பார்த்ததில்லை. அதன்மேல் கோழித் தீவன மூட்டைகள் சாய்ந்து கிடந்ததை மட்டும் அறிவேன்.

இம்முறை விடுமுறைக்கு வந்ததும் ஞாயிறன்று அதில் கொல்லிமலை ஏறப்போவதாக அவன் தொலைபேசியில் சொன்ன பிறகே, தூசி தட்ட உறையை நீக்கினேன். கைப்பிடிக்குக் கீழிருந்து மிதிகட்டைகள் வரை இறங்கவேண்டிய தடித்த குழாயைக் காணவில்லை. அவ்விடத்தில் மெல்லிய எஃகுக் கம்பியொன்றும், அதன் முனையில் ஒரு சுருள்வில்லும் இருந்தன. மேலே அழுத்தினால் வண்டி நடுவில் மடங்கியது. மூட்டைகள்தாம் முறித்தன என்றால், கம்பியைக் கட்டியவர் யார்? எவ்வளவு எண்ணியும் விளங்கவில்லை. தம்பியிடம் கேட்கவும் நா எழவில்லை. என் பொறுப்பில் பழுதானதை அவன் அறியாமலே சரிசெய்துவிட நினைத்து, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன்.

பற்றவைப்பவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“ஏனுங்க சார், பைப்பு எங்கீங்க?”

“அதுதானுங்க எனக்கும் தெரியல.”

“பைப்பு போன எடத்துல கம்பியக் கட்டி ஓட்டியிருக்காங்க. லாரி சேஸிஸ இப்படி உட்டா, டிரைவரு என்னையத் தேடிட்டு வருவாருங்க.”

அரைமணி நேரத்தில் கம்பியையும் வில்லையும் கழற்றி, குழாய் வைத்துப் பற்றவைத்துவிட்டார். வண்டி மடங்கவில்லை. கழற்றியவற்றை ஏனோ தாளில் சுற்றி எடுத்துவந்தேன்.

ஞாயிறு காலையில் தம்பி குனிந்து புதிய குழாயைத் தடவினான்.

“இங்க இருந்த கம்பி எங்கீங்ணா?”

“அது ஒடஞ்சு கெடந்துதுடா. கெட்டியாப் பண்ணியாச்சு.”

“ஒடையலீங்ணா. அது அமைப்பே அப்படித்தான். கல்லுமேல ஏறுனா நடுவுல வளைஞ்சு, அந்த ஸ்பிரிங்கு குலுக்கல வாங்கிக்கும். அதுக்குத்தான் தேடித் தேடி வாங்குனேன்.”

பிறகு என் முகத்தைப் பார்த்தான். “பரவாயில்லீங்ணா. கெட்டியாத்தான் இருக்குது.”

வண்டியில் ஏறிச் சென்றவன் நண்பகலில் திரும்பினான். எப்படி இருந்தது என்றதற்கு, “நல்லா இருந்துதுங்ணா” என்றான். மலையேறினானா என்று நான் கேட்கவில்லை.

புறப்படும் நாளில் வண்டியை எனக்கே விட்டுவிட்டு, தாளில் சுற்றிய கம்பியையும் வில்லையும் மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டான். வண்டியின்றி அவற்றை வைத்து என்ன செய்வான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவன் என்னை மன்னித்துவிட்டானா என்பதும் புரியவில்லை.

உழவர் சந்தைக்கு அவ்வண்டியில்தான் போய்வருகிறேன். ஒவ்வொரு குழியும் முதுகில் தெரிகிறது. ஆயினும் வேகத்தடை வந்தால், நடுவில் மடங்கிவிடுமோ என்று காலை ஊன்றிக்கொள்கிறேன்.