முகூர்த்தச் சேலையோடு ஹைபிரிட் காரில் ஆரணியிலிருந்து திருமலைக்கு

ஹைபிரிட் காரை மலை ஏற்றலாமா, இன்ஜின் சூடாகிவிடாதா என்று டாக்சி ஸ்டாண்டில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் டைப் அடிக்கிறாள். நான் போனது 2009 வைகாசியில், என் அக்கா மகள் கோமதியின் கல்யாணத்துக்கு. திருமலையில் கல்யாணம். முகூர்த்தம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள்.

பெண் வீட்டார் எல்லோரும் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். பெற்றவர்கள் இரண்டு பேர் மட்டும் போகவில்லை. காரணம் சேலை. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, மகளுக்கு முகூர்த்தச் சேலையைத் தன் தறியிலேயே நெய்தார். கடைச் சேலைகளை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் சொந்தச் சேலை பின்னால் தள்ளிப்போய், முந்தின நாள் பொழுது சாயும்போதுதான் தறியிலிருந்து அறுத்தார். அவரிடம் சேலை வாங்கும் பட்டுக்கடை முதலாளி, வாங்கி இரண்டு மாதமே ஆன தன் காரைக் கொடுத்தார். "இருட்டுல வேணாம், விடிஞ்சதும் எடு ஏழுமலை. வேற ஆள் கையில இந்த வண்டிய குடுக்கமாட்டேன்" என்றார் என்னிடம்.

அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். நான் இருபது வருடம் அம்பாசடர் ஓட்டியவன். அம்பாசடர் சூடாவது எனக்கு மூக்கிலேயே தெரியும். முதலில் ஒரு வெல்லப்பாகு வாசனை வரும். பிறகு சூடு காட்டுகிற முள் ஏறும். பிறகு ஆவி. ஒருமுறை போளூர் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போனபோது ரேடியேட்டர் காய்ந்து, பம்புசெட் தேடி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். திரும்பி வந்தால் ஒரு ஆடு சீட்டு உறையைத் தின்றுவிட்டிருந்தது. அது வேறு கதை. ஹைபிரிட்டில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கிறது, கூடவே ஒரு கரண்டு மோட்டாரும் இருக்கிறது. வாசனையும் இல்லை, முள்ளும் இல்லை. சூட்டைக் காட்ட சின்னச் சின்னக் கட்டமாக எரிகிறது. பாதிக் கட்டம் வந்தால் அங்கேயே நிற்கிறது. நிற்பது நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆள் இல்லை. புத்தகம் இருந்தது, இங்கிலீஷில்.

பத்து லிட்டர் கேனில் இரண்டு கேன் தண்ணீர் டிக்கியில் வைத்தேன். அக்கா தட்டு, வெற்றிலை, மஞ்சள் எல்லாம் ஏற்றினாள். சேலை மூட்டையை மட்டும் டிக்கியில் வைக்க மாமா விடவில்லை.

"செருப்பு, ஸ்டெப்னி கெடக்கற எடத்துல முகூர்த்தச் சேலைய வப்பியா? மேல வையி மச்சான், மேல."

"மடியில வச்சிக்கினு வரேன்" என்றாள் அக்கா.

"வேர்வை பட்டா சரிகை கறுத்துடும். இவ்ளோ வருசம் நெசவுக்காரன் பொண்டாட்டியா இருக்குற."

அதனால் பின்சீட்டு முதுகுக்கு மேலே, கண்ணாடியை ஒட்டியிருக்கும் பலகையில் வெள்ளைத் துணியை விரித்து, முகூர்த்தச் சேலையும் உறவுக்காரர்களுக்கான ஐந்து சேலைகளும் அடங்கிய மூட்டையை வைத்தார். பார்க்க சாமி மேடை மாதிரி இருந்தது.

காலை 5.40க்கு ஆரணியை விட்டோம். கண்ணமங்கலத்தில் 6.05க்கு டீ. வேலூர் நாற்பது கிலோமீட்டர்தான், 6.45க்கு வந்துவிட்டோம். அங்கே சிக்னலில் நின்றதும் இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது. எனக்கு உயிரே போயிற்று. வண்டியை விட்டு இறங்கி பானெட்டைத் திறந்துவிட்டேன். பின்னால் ஆரன்.

"இன்னா மச்சான், இன்ஜின் சீஸ் ஆயிட்ச்சா?" மாமாவின் முகம் செத்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்த வண்டி நின்னா தானா ஆஃப் ஆவும்ணா. பிரேக்க வுட்டா தானா ஸ்டார்ட் ஆவும். ஜல்தியா எடு, பேஜார் பண்ணாத."

பிரேக்கை விட்டேன், ஸ்டார்ட் ஆயிற்று. வெட்கமாக இருந்தது, பயம் மட்டும் போகவில்லை. தானாக அணைகிற வண்டி, நிஜமாகவே சூடாகி அணைந்தால் எப்படித் தெரியும்?

அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஏசி போட்டால் இன்ஜினுக்குச் சுமை என்று ஏசியை அணைத்தேன். அம்பாசடர்காரன் புத்தி. கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். மாமாவும் இறங்கி வந்து கை வைப்பார். சாயப் பட்டறையில் சட்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போயிற்று.

சித்தூரில் 7.45க்கு இட்லி. மூன்று பேருக்கு 66 ரூபாய். சட்னி காரம், குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. பின்சீட்டிலிருந்து அக்கா ஆரம்பித்தாள்.

"டேய் ஏழுமலை, முதுவு சுடுதுடா."

"வெய்யில்க்கா."

"வெய்யில் இல்லடா, சீட்டு சுடுது. உள்ள எதுவோ உர்ருனு சுத்திகினு கீது."

"வைகாசில சீட்டு சுடாம சில்லுனா இருக்கும்?" என்றார் மாமா. "நீ சும்மா வா. மச்சான் வண்டிய பாத்துகினு கீறாரு இல்ல."

நான் கட்டத்தைப் பார்த்தேன். பாதிதான். எனக்கு அது போதும் என்று தோன்றியது. அக்கா இன்னும் இரண்டு முறை சொன்னாள். பிறகு தோளில் இருந்த துண்டை மடித்து முதுகுக்குக் கொடுத்துக்கொண்டாள்.

9.40க்கு மலையடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடி. அங்கே எல்லா மூட்டையையும் இறக்கிக் காட்ட வேண்டும், இருபது நிமிடம் ஒதுக்கி வையுங்கள். மூட்டையை மாமா பழைய இடத்திலேயே ஏற்றினார். மலைப்பாதை பத்தொன்பது கிலோமீட்டர். ஏழெட்டு கிலோமீட்டர் ஏறியிருப்போம், டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. மாட்டு வண்டி வேகம்தான். வளைவில் கொஞ்சம் அகலம் கிடைத்த இடத்தில் ஓரம்கட்டினேன். மணி 10.20.

இரண்டு பேரும் பானெட்டைத் திறந்தோம். ஆவி இல்லை, கொதிப்பு இல்லை. நான் கேனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. மாமா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கோமதியின் போன் வந்தது. "எங்கப்பா கீறீங்க? ஐயரு சேலை கேக்குறாரு." மாமா, "வந்துட்டோம்மா, அடுத்த வளைவுதான்" என்று பொய் சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "பொண்ண பெத்தவன் ரோட்ல உக்காந்துகினு கீறேன்" என்றார்.

நான் முதலாளிக்கு போன் அடித்தேன். மூன்றாவது முறைதான் கிடைத்தது.

"இன்ஜின் சூடா இல்லையா? அப்ப பின்னாடி பாரு. பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னாடி கீது. மேல பலகைல சல்லடை மாதிரி இருக்குமே, அது வழியாத்தான் அதுக்கு காத்து போவும். அதும்மேல எதுனா வச்சிருக்கியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் துணி, ஆறு சேலை.

"ஏசி ஓடுதா?"

"இல்லீங்க."

"வண்டிக்குள்ள இருக்குற காத்தத்தான்யா அதோட ஃபேன் இழுக்கும். நீ ஏசிய நிறுத்தி, மூக்கையும் மூடிட்ட. பத்து நிமிசம் ஏசியப் போட்டு ஆற வுடு. ஒண்ணும் ஆவாது."

நான் சொன்னதும் மாமா எழுந்து போய் மூட்டையை எடுத்தார். சல்லடையில் கை வைத்தார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா முதுகுக்குக் கொடுத்திருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

கண்ணாடியை ஏற்றி, ஏசியை முழுசாக வைத்துக் காத்திருந்தோம். எத்தனையோ வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன், அந்தப் பத்து நிமிடம் மாதிரி நீளமான சாலையைப் பார்த்ததில்லை. 10.45க்கு விளக்கு அணைந்தது. மாமா மூட்டையை மடியில் வைக்கவில்லை. துண்டைப் போர்த்தி, இரண்டு கைகளிலும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மீதி மலையும் வந்தார். அக்கா மாற்றிக்கொள்ளக் கேட்டாள், தரவில்லை.

11.15க்கு மண்டபம். அக்கா மூட்டையை வாங்கிக்கொண்டு ஓடினாள். கோமதி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது 11.40. மாமா சேலையின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சூட்டில் ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம். ஒன்றும் ஆகவில்லை. தாலி ஏறியதைக்கூட நான் இடித்த பிறகுதான் பார்த்தார்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஹைபிரிட் மலை ஏறும், தாராளமாக ஏறும். ஏசியை அணைக்காதீர்கள். பேட்டரிக்குக் காற்று போகும் சல்லடை உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சில வண்டியில் சீட்டின் பக்கவாட்டில் இருக்கிறதாம். அதன்மேல் கைக்குட்டைகூட வைக்க வேண்டாம். முன்னால் எரியும் கட்டம் இன்ஜினின் சூட்டை மட்டும்தான் சொல்லும். ஆரணியிலிருந்து திருமலைக்கு நூற்றறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். நிற்காமல் போனால் நாலு மணி நேரம், என்னைப் போல பயந்தால் ஐந்தரை.

மறுநாள் திரும்பும்போது மாமா பின்சீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு சீட்டைத் தொட்டுப் பார்த்து, "சில்லுனு கீது மச்சான், போலாம்" என்று எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டே வந்தார். காட்பாடி வரைக்கும் அக்கா பொறுத்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆயி இருவத்தஞ்சு வருசத்துல இன்னிக்குதாண்டா இவருக்கு எம்முதுவு ஞாபகம் வந்துகீது" என்றாள்.