பாண்டு எழுதும்வரை பூட்டியிருந்த நர்சரி

காக்ஸ் டவுனில் தியோடரைப் போல நாணயமான மனிதர் கிடையாது. அந்த நாணயம்தான் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியது. தபாலாபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தபால் தலையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் என்று ஊரே சொல்லும்.

அதனால்தான் 1926 கோடையில், நர்சரி வைத்திருந்த ஜெயராஜ் கடனில் மூழ்கி, செடிகளையும் குடியிருந்த வீட்டையும் கடன்காரர்களுக்காக எழுதிக் கொடுத்தபோது, அவற்றை விற்றுக் கடனை அடைக்கும் டிரஸ்டியாக எல்லோரும் தியோடரையே ஆக்கினார்கள். ரோஜாவும் குரோட்டன்ஸும் நல்ல விலைக்குப் போனால் கடன் தீர்ந்து வீடு மிஞ்சும். ஜெயராஜும் அவன் மனைவி பெர்னதெத்தும் அதை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஜாமீன்தாரரோடு போய்க் கோர்ட்டில், நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவதாகப் பாண்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் டிரஸ்டி சொத்தில் கை வைக்கக் கூடாது. தியோடர் நர்சரியைப் பூட்டிவிட்டு, மல்லேஸ்வரத்து நண்பர் ஸ்ரீகண்டனை ஜாமீனுக்கு அழைத்துப் போனார். சொந்த வீடு, மைசூர் அரசில் பெரிய வேலை, இதைவிட வேறென்ன வேண்டும்? கோர்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காக்ஸ் டவுன் வெள்ளைக்காரன் ஆளும் தண்டு, அதாவது கண்டோன்மெண்ட். மல்லேஸ்வரம் மகாராஜாவின் சீமை. அங்கிருக்கும் வீட்டை இந்தக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. ஜட்கா வண்டியில் தினமும் போய்வருகிற ஊருக்குள் ஓர் எல்லை இருப்பதை, வார்த்தைக்கு வார்த்தை சட்டம் பேசுகிற தியோடரே மறந்திருந்தார்.

வேறு ஜாமீன் தேடி அலைந்தார். வெயில் கொளுத்தியது. கிணறோ பூட்டுக்கு உள்ளே இருந்தது.

"அண்ணே, சாவி குடுங்க. தண்ணி மட்டும் ஊத்திட்டு வந்துடறேன்" என்றான் ஜெயராஜ்.

"பாண்டு ஆகாம நானே உள்ள போகக்கூடாது தம்பி. உன்னை விட்டா நாளைக்குக் கடன் குடுத்தவங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவாங்க."

செடிகள் கருகுவது தியோடருக்கும் தெரியாமல் இல்லை. சாயங்காலம் வேலியோரம் போய் நின்று கையைப் பிசைந்துகொண்டு திரும்புவார். திறக்க மட்டும் மாட்டார். தன் பேருக்கு ஒரு சொல் வந்துவிடுமே என்ற பயத்துக்குச் சட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசியில் பக்கத்துத் தெரு சில்வெஸ்டர் ஜாமீன் நின்றார். பாண்டு எழுதிக் கொடுத்துப் பூட்டைத் திறந்தபோது ரோஜாப் பதியன்கள் சுள்ளியாகிக் கிடந்தன. ஏலத்தில் தொட்டிகளை வாங்கத்தான் ஆள் வந்தது. வீடும் போயிற்று.

சாமான் ஏற்றும் அன்று தியோடர் வண்டியருகே வந்து நின்றார். ஜெயராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு சாமானைக் கயிற்றால் கட்டினான்.

"சட்டப்படிதான் செஞ்சேன் தங்கச்சி" என்றார் பெர்னதெத்திடம்.

அவள் பாத்திரக் கூடையை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"தெரியும்ண்ணே. நீங்க ஒரு தப்பும் பண்ணல. பண்ணியிருக்கலாம்."