பால்காரம்மா வீட்டுக் கதவில் ஒரு வட்டம்

சிவப்பு பெயிண்ட் டப்பாவை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த நீலக் கதவுதான் நினைவுக்கு வருகிறது. கதவில் நூற்றுப் பதினேழு என்று ஓர் எண், அதைச் சுற்றி ஒரு வட்டம். எண்ணை எழுதியவனும் நான்தான், வட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

1991-இல், பென்னலூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரில் எனக்கு வேலை. கார் தொழிற்சாலைகள் வராத காலம். காசநோய் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியில் களப்பணியாளனாகச் சேர்ந்திருந்தேன். சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கதவில் எண் எழுதுவேன், சளி டப்பா கொடுப்பேன், மறுநாள் காலையில் வாங்கி வருவேன். சளிச் சோதனையில் கிருமி தெரிந்த வீடுகளுக்கு மாதா மாதம் மாத்திரையோடு போக வேண்டும். ஒவ்வொரு முறையும் தேடி அலைவானேன் என்று அந்த எண்களைச் சுற்றிச் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, என் சொந்த மூளை! ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கூட, "கெட்டிக்காரன்பா நீ" என்று தட்டிக் கொடுத்தார்.

நூற்றுப் பதினேழு பால்காரம்மாவின் வீடு. கணவர் இல்லை. இரண்டு மாடு, கல்யாண வயதில் ஒரு மகள். மற்றவர்கள் வேண்டாவெறுப்பாக எச்சிலைத் துப்பிக் கொடுத்தபோது, அவர் ஒருவர்தான் நான் சொன்னபடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்து, "சரியா கீதான்னு பாரு தம்பி" என்று நீட்டியவர். கிருமி இருப்பதாக முடிவு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டரின் மேசைக்கு நாலடி தள்ளி ஒரு ஸ்டூல் கிடக்கும். இருமுகிறவர்கள் அதைத் தாண்டக் கூடாது. டாக்டர் நிமிராமலேயே சீட்டு எழுதினார்.

"இன்னா தம்பி, டாக்டரு என் மூஞ்சியக்கூடப் பாக்கல?" என்றார் வெளியே வந்து.

"எவ்ளோ கூட்டம் நிக்குது பாருங்கம்மா" என்றேன். சப்பைக்கட்டு கட்டுவதில் நான் அப்போதே கில்லாடி.

வட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்க ஊருக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் எந்த வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகிறேன் என்று பார்த்தால் போதுமே. பால்காரம்மா வீட்டுக்குப் பாலுக்கு வந்துகொண்டிருந்த சொம்புகள் நின்றுவிட்டன. அடுத்த முறை நான் போனபோது வட்டம் இல்லை. ஈரத்துணியால் துடைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்! "யாரக் கேட்டு அழிச்சீங்க? இது கவர்மெண்ட் வேலைம்மா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அது அரசாங்க வேலைகூட இல்லை.

பால்காரம்மா குரலை உயர்த்தவில்லை. "ஒனக்குப் புண்ணியமாப் போவும் தம்பி, அந்த வட்டம் மட்டும் வேணாம். பொண்ணப் பாக்க வர்றாங்க. மாத்திரைய ஒரு வேள வுடாம முழுங்கிடறேன், இது சத்தியம்" என்றார்.

நோட்டில் வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தால் தீர்ந்திருக்கும். அந்தச் சின்ன வேலைக்கு எனக்கு மனசு வரவில்லை. இவருக்கு இளகினால் நாளைக்கு ஊரே அழிக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பெயிண்டும் பிரஷுமாகப் போய், இனி அழிக்க முடியாதபடி வட்டம் போட்டேன். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் பெயிண்ட் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்து, வட்டத்தை அழகாகத் திருத்தினேன். அந்த அழகை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. மாடுகளை விற்றுவிட்டு மகளோடு எங்கோ போய்விட்டார் என்றார்கள். 'சிகிச்சையை நிறுத்தியவர்' என்று படிவத்தில் குறித்தேன். காரணம் கேட்டிருந்த இடத்தில் 'அறியாமை' என்று எழுதினேன். அந்தச் சொல் அப்படியே அறிக்கையிலும் ஏறியது.

பல வருடங்கள் கழித்து, தொழிற்சாலைகள் வந்த பிறகு, அதே பகுதியில், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார்.

"வட்டம் போட்ட தம்பிதான நீ?"

பால்காரம்மாவேதான். ஓடிவிடலாமா என்று இருந்தது. அவரோ, "இன்னாத்துக்கு தூரமா நிக்கற? பக்கத்துல வந்து ஒக்காரு" என்று பெஞ்சைத் துடைத்தார். மகளைப் பற்றிக் கேட்டேன். "பாக்க வந்தவங்க கதவப் பாத்துட்டு அப்டியே திரும்பிப் பூட்டாங்க. அப்பால காஞ்சிபுரத்துல கட்டிக் குடுத்தேன். நல்லாகீறா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மாத்திரைய வுட்டுட்டேன்னு நெனச்சிக்கினியா? காஞ்சிபுரத்து ஆசுபத்திரில தங்கச்சி பேரக் குடுத்து, கடைசி வரிக்கும் முழுங்கிட்டேன். ஒங்கையில சத்தியம் பண்ணேன்ல?" என்றார்.

 அவர் அதே வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். கதவும் அதேதானாம். "ரெண்டு தபா மேல நீலம் அடிச்சேன். உள்ளேர்ந்து செவப்பு தெரியுது. நல்ல பெயிண்ட்டு தம்பி!" என்று சிரித்தார்.

படிவத்தில் நான் எழுதிய 'அறியாமை' என்ற அந்தச் சொல்லை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எண்ணுக்கு நேரே அதுவும் இன்னும் அழியாமல்தான் இருக்கிறது.