கை மடித்திருந்த சீதேவி

கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யச் சொன்னாலும் சிவமலர் செய்வாள். இது சுவிற்சர்லாந்தின் துன் நகரில், 2003 மார்கழியில், பட்டப்பகலில் நடந்தது.

படத்தைப் பழைய சாமான் கடையில் வாங்கிவந்தவன் அவள் கணவன் வரதராசா. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த, மிகப் பழைய படம். நெளிந்த கொம்பிலிருந்து அப்பிள் பழமும் தானியக் கதிரும் கொட்ட, ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றாள். ஒரு மார்பு திறந்திருந்தது. வளத்தின் உருவம் என்றாராம் கடைக்காரர்.

“எங்கட லட்சுமிதானப்பா. சாமித்தட்டில, சுவரோட மாட்டி வைப்பம்,” என்றான் வரதராசா.

சிவமலர் படத்துப் பெண்ணின் மார்பில் சிவப்புப் பட்டுத்துண்டு ஒட்டிப் பொட்டும் வைத்தாள். பத்து வருடம் தவமிருந்து வயிற்றில் பிள்ளை. சீதேவி எந்தச் சாயலில் வந்தால் என்ன? ஒன்றுதான் உறுத்தியது. கொம்பு பிடிக்காத கை, எதையோ அணைப்பதுபோல் மடிந்திருந்தது. அதில் ஒன்றும் இல்லை...

வேணுகா பிறந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாளே தாய்ப்பாலை மறுத்தாள். புட்டிப்பாலும் வேண்டாம். பால் கட்டிச் சிவமலரின் மார்பு கல்லானது. பெற்றது பட்டினி கிடந்தால் எந்தத் தாய்க்கு நெஞ்சு பொறுக்கும்?

பிள்ளையை நிறுக்க வந்த தாதியோ சிரித்தாள். எடை நன்றாகக் கூடியிருக்கிறது, உங்கள் பால் நல்ல பால் என்றாள்.

யாருடைய பால்?

அன்று பின்னேரம் மூன்றரை. சமையலறையில் நின்றவளுக்குக் கேட்டது.

களுக்... களுக்...

பிள்ளை விழுங்கும் சத்தம்.

ஓடினாள். தொட்டிலில் வேணுகா உறங்கினாள். கடைவாயில் பால். வாயில் அப்பிள் மணம்.

சாமித்தட்டில், சிவப்புத்துண்டு நனைந்திருந்தது.

“படத்தைக் கழட்டுங்கோ!”

“பிள்ளை பிறந்த துடக்கு வீடப்பா. முப்பத்தொரு நாள் கழியாமல் சாமித்தட்டில கை வைக்கேலுமோ? குற்றம் பிள்ளைக்கு வரும்,” என்றான் வரதராசா.

“என்ர பிள்ளை எனக்கில்லாமல் போயிடும்...”

அவள் படத்துக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

தினமும் களுக்... களுக்...

சிவமலருக்குப் பால் வற்றிப்போனது.

முப்பத்தோராம் நாள், ஐயர் தீர்த்தம் தெளித்த கையோடு வரதராசா படத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்தான். அப்போதுதான் கடைக்காரர் சொன்னார். இதே படத்தின் முதலில் அச்சடித்த பிரதிகளில், அந்தக் கையில் ஒரு குழந்தை பால் குடிக்குமாம். பிறகு யாரோ தகட்டிலிருந்து குழந்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஏனென்று தெரியாதாம்.

வேணுகாவுக்கு இப்போது ஆறு வயது. கொழுகொழுவென்று இருக்கிறாள். பசிக்கிறது என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. படம் இருந்த வெறும் சுவரைப் பார்த்து நிற்பாள். கொஞ்ச நேரத்தில் வாயில் அப்பிள் மணக்கும்.

சிவமலர் சோற்றுத் தட்டோடு பின்னால் நிற்பாள்.